நான் விட்டுவிட்ட ஊரின் பெயர்

“இன்டர்நெட்டில உலகமே கொட்டிக் கிடக்கு. அதுக்குள்ள இருந்து நீ ஏழு விசயத்தைப் பொறுக்கித் தந்தால், ஆர் பிள்ளை வாசிக்கப் போயினம்?”

ஜெர்மனியில், வுப்பர்டாலில் நாங்கள் சாமான் வாங்கும் தமிழ்க் கடையின் கடைக்கார அண்ணை என்னிடம் இப்படிக் கேட்டது 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டுத் தாள் வைக்க இடம் தருவீர்களா என்று கேட்டு நின்றேன். எனக்கு அப்போது இருபது வயது.

“ஒரு மாதம் வச்சுப் பாருங்கோ அண்ணை. மிஞ்சினால் நானே வந்து எடுத்துக்கொண்டு போறன்” என்றேன்.

“மிஞ்சினால் எடுக்க வேண்டாம். மீன் சுத்த உதவும்” என்றார். ஆனாலும் இடம் தந்தார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான்தான். அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போனதே இல்லை. அப்பா மூன்றாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். அதனால் ஒன்பது வயதிலேயே வீட்டுக்கு வரும் ஜெர்மன் கடிதங்களை வாசிப்பது என் வேலையாகிவிட்டது. வாடகைக் கடிதம், வெளிநாட்டவர் அலுவலகக் கடிதம், பல் வைத்தியரின் கடிதம் எல்லாம் நான்தான் வாசிப்பேன். பிறகு மேல்மாடி ஆட்களும் கடித உறையோடு வந்து நிற்கத் தொடங்கினார்கள். எல்லோரும் கேட்டது ஒரே மாதிரியான கேள்விகள்தான். பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் விடுவது? தொழிற்பயிற்சிக்கு எங்கே எழுதிப்போடுவது? இலவசமாக ஜெர்மன் படிக்க இடம் உண்டா? பதில் எல்லாம் இணையத்தில் இருந்தது. ஆனால் ஜெர்மனில், அதுவும் பத்துப் பக்க அறிவிப்புகளுக்குள் எங்கோ ஒளிந்திருந்தது.

வீட்டுக்கு வேகமான இணைப்பு வந்த அன்றே முடிவெடுத்துவிட்டேன். வாரத்துக்கு ஏழு விஷயம். நகராட்சி, பள்ளி, நூலகம், வேலைவாய்ப்புப் பக்கங்களைத் தேடிப் பிடித்து, முழுவதும் வாசித்து, நம்மவர்களுக்கு உதவக்கூடியதை நான்கு வரித் தமிழில் எழுதி, கீழே இணைய முகவரியைப் போடுவேன். ஏழாவது மட்டும் சும்மா சந்தோஷத்துக்கு. மிருகக்காட்சிச்சாலைக்கு இலவசமாகப் போகக்கூடிய நாள், நட்சத்திரம் பார்க்கும் கூடம் இப்படி ஏதாவது. மற்றவர்களின் கணினியில் என் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் சிதறிவிடும். அதனால் பிடிஎஃப் ஆக்கி மின்னஞ்சலில் அனுப்புவேன். மின்னஞ்சல் இல்லாதவர்களுக்குத்தான் கடைத் தாள்.

முதல் மாதத் தாள்கள் மீன் சுற்றப் போகவில்லை! இரண்டாம் மாதம் கடைக்கார அண்ணையே தொலைபேசியில் அழைத்து, “பிள்ளை, தாள் முடிஞ்சுது, சனங்கள் கேக்கினம்” என்றார். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. யாரோ தங்கள் அக்காவுக்கு அனுப்ப, அக்கா தன் ஊர்த் தமிழ்ப் பள்ளியில் கொடுக்க, கோடை வருவதற்குள் பெர்லினில் இருந்தும் ஸ்டுட்கார்ட்டில் இருந்தும் எனக்குக் கடிதம் வரத் தொடங்கிவிட்டது. தொழிற்பயிற்சியில் இருந்த அலுவலகத்தில் நாள் முழுக்கக் கோப்பு அடுக்கிக் களைத்து வந்தாலும், கணினியைத் திறந்தவுடன் களைப்புப் போய்விடும். நல்ல ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்தால், சந்தையில் நல்ல மீன் கிடைத்தவள் போல “அம்மா, இங்க வந்து பாருங்கோ!” என்று கத்துவேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் வந்து பார்ப்பார்.

ஜூலையில் வந்த ஒரு தாளில் நான் பெருமையோடு போட்ட குறிப்பு ஒன்று உண்டு. பள்ளிக்கூடம் முடிக்காத பெரியவர்கள், வேலை செய்துகொண்டே மாலையில் படித்து ஒரே வருடத்தில் பள்ளிச் சான்றிதழ் எடுக்கலாம். கட்டணம் இல்லை. கோடை விடுமுறை முடிந்து முதல் வாரம் வரைக்கும் பதியலாம். எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்கு இது வேண்டும்! தலைப்பில் ‘ஜெர்மனி முழுவதும்’ என்று தடித்த எழுத்தில் போட்டேன்.

அந்த இரண்டு சொற்களும் அந்தப் பக்கத்தில் இல்லை. நானாகச் சேர்த்தவை. நாங்கள் வளர்ந்த வீடுகளில் ‘ஜெர்மன்காரன் சொல்லிப்போட்டான்’ என்றால் முடிந்தது கதை. நாடு ஒன்று, அரசாங்கம் ஒன்று, சட்டம் ஒன்று. அப்படியேதான் நானும் நினைத்தேன். இத்தனைக்கும், இங்கே பள்ளிக்கூட விஷயங்களை ஒவ்வொரு மாநிலமும் தன் பாட்டில் தீர்மானிக்கும் என்று ஐந்தாம் வகுப்பில் படித்துப் பரீட்சையும் எழுதியவள் நான்.

தாள் போய் ஒன்றரை வாரம் இருக்கும். எனக்கு விடுமுறை. ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணி கழிந்து வீட்டுத் தொலைபேசி அடித்தது. அம்மா எடுத்துவிட்டு, “உன்னைக் கேட்டு பிராங்பேர்ட்டில இருந்து ஒரு பிள்ளை” என்று நீட்டினார்.

மறுமுனையில் பேசியவர் முப்பது வயது இருக்கக்கூடிய ஒரு பெண். மன்னாரைச் சேர்ந்தவர். பிராங்பேர்ட் விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்கிறார். வேலை இடைவேளையில் கைபேசியில் இருந்து எடுத்திருந்தார்.

“தங்கச்சி, நீங்கள்தானே அந்த ஏழு விசயத் தாள்? நான் அந்த மாலைப் பள்ளிக்கூடத்துக்குப் பதியப் போறன். எங்கட ஊர்ப் பள்ளிக்கூடம் எதெண்டு கேட்டு வச்சிருக்கிறன். இன்னும் ஒரு மாதத்துக்கு மேல கிடக்குத்தானே, வெள்ளிக்கிழமை எனக்கு லீவு, அண்டைக்குப் போறன். படம் ஒட்டவேணுமோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்.”

ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளர் பயிற்சிக்குத் தன்னை எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றும், அடுத்த கோடைக்குள் பள்ளிச் சான்றிதழ் வைத்திருந்தால் மட்டும்தான் அந்த இடம் என்றும் சொன்னார். குரலில் அப்படி ஒரு சிரிப்பு.

“பொறுங்கோ அக்கா, பாத்துச் சொல்லுறன்” என்று நான் வாசித்த பக்கத்தைத் திறந்தேன். படம் வேண்டுமா என்று தேடிக்கொண்டு மேலே போனபோது, பக்கத்தின் தலையில் அந்தப் பள்ளிக்கூடம் இருக்கும் ஊரின் பெயர் கண்ணில் பட்டது. எங்கள் பக்கத்து ஊர். எங்கள் மாநிலம். பிராங்பேர்ட் இருப்பது வேறு மாநிலத்தில்.

“அக்கா, நீங்கள் போற பள்ளிக்கூடத்தின்ர பேர் என்ன?”

அவர் சொன்னார். தேடினேன். பக்கம் மெல்ல மெல்லத் திறந்தது. பதிவு விடுமுறைக்கு முன்பே முடிகிறது என்று அங்கே எழுதியிருந்தது. கடைசி நாள் இன்று. மதியம் ஒரு மணி.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று இருபது.

“அக்கா, வெள்ளிக்கிழமை இல்லை. இண்டைக்கு. ஒரு மணிக்கு மூடுகினம்.”

அவருக்குப் பின்னால் சக்கரப் பெட்டிகள் உருளும் ஓசை கேட்டது. பிறகு அவர், “எனக்கு மூண்டு மணிக்குத்தானே வேலை முடியும்” என்றார்.

“பாஸ்போட், விலாசம் பதிஞ்ச துண்டு எல்லாம் வீட்டிலயோ?”

“ஐயோ தங்கச்சி, அதெல்லாம் எப்பவும் என்ர பைக்குள்ளதான் கிடக்கும்.”

அதைக் கேட்டு எனக்குப் பாதி உயிர் வந்தது. எங்கள் ஆட்களின் கைப்பைகளைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். அகதியாக வந்தவர்கள் கறிவேப்பிலை வாங்கப் போனாலும் கடவுச்சீட்டில் இருந்து கல்யாணப் பத்திரம் வரை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டுதான் போவார்கள். என் அம்மாவை அதற்காக எத்தனை முறை கேலி செய்திருக்கிறேன்!

பள்ளிக்கூட அலுவலகத்துக்கு எடுத்தேன். செயலாளர் அம்மா நிதானமாகப் பேசினார். ஆள் நேரில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். வாழ்க்கைக் குறிப்பு ஒரு பக்கம் வேண்டும், அதை ஃபாக்ஸில் அனுப்பினாலும் போதும். படம் பிறகு கொடுக்கலாம். ஒரு மணிக்குப் பட்டியலை மேலே அனுப்பிவிடுவார், அதற்குப் பிறகு அடுத்த வருடம்தான்.

என் கைபேசியில் இருந்து அக்காவைத் திரும்ப அழைத்தேன். கூட வேலை செய்யும் துருக்கிப் பெண் ஒருத்தி, “நீ போ, உன்ர பக்கத்தையும் நான் கழுவுறன்” என்று வாளியைப் பறித்துக்கொண்டாளாம். மேற்பார்வையாளர் முறைத்துவிட்டு, வயிற்றுவலி என்று எழுதவா என்று கேட்டாராம். “இல்லை, பள்ளிக்கூடம் எண்டு எழுதுங்கோ எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்” என்றார். அவர் ரயிலுக்காக நின்றுகொண்டிருக்க, நான் கணினியில் வாழ்க்கைக் குறிப்பைத் தொடங்கினேன்.

“பள்ளிக்கூடம் எத்தனையாம் வகுப்பு வரைக்கும் அக்கா?”

“ஆறு. அதுவும் முழுக்க இல்லை.”

“அதுக்குப் பிறகு?”

“அதுக்குப் பிறகு ஓட்டம்தான். மடுக் கோயில் முகாம், பிறகு இந்தியா, பிறகு இஞ்ச. ஓடினதை ஜெர்மன்ல எப்பிடி எழுதுறது தங்கச்சி?”

‘போரினால் கல்வி தடைப்பட்டது’ என்று ஜெர்மனில் ஒரு வரி அடித்தேன். அந்த ஒரு வரியை அடிக்க எனக்கு நேரம் எடுத்தது.

“சரி, வேலை? ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ.”

“ஹோட்டல்ல உடுப்புத் தோய்ச்சனான். ரெண்டு வருசம் பேக்கரி. பிறகு எயார்போட்தான், எட்டு வருசம். எங்கட பகுதிக்குப் புதுசா வாற ஆக்களுக்கு மெசினைப் பழக்கிறதும் நான்தான். அதெல்லாம் எழுத ஏலுமோ?”

“எழுதத்தான் வேணும் அக்கா!”

‘புதிய பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்தல்’ என்று நான் எழுதியதைத் தமிழில் சொன்னதும், “ஐயோ, அது ஆர் அது?” என்று சிரித்தார். எழுத ஒன்றுமே இல்லை என்று சொன்னவரின் குறிப்பு பக்கம் நிறைந்து, எழுத்தைச் சிறிதாக்க வேண்டியதாகிவிட்டது. கடைசியாக வீட்டு முகவரியைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது ரயில் நகரத்துச் சுரங்கத்துக்குள் போய், தொடர்பு அறுந்தது. நல்ல வேளை, வீட்டு இலக்கம் கிடைத்துவிட்டது.

அச்சு இயந்திரம் கர்… கர்… என்று இழுத்துத் தள்ளியபோது பன்னிரண்டு இருபது. எங்கள் வீட்டில் ஃபாக்ஸ் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே ஃபாக்ஸ் தமிழ்க் கடையில்தான். அம்மா என் செருப்பை எடுத்து வாசலில் வைத்துவிட்டார். வுப்பர்டாலில் வீடு மேட்டில் இருந்தால் கடை பள்ளத்தில் இருக்கும். நடுவில் படிகள். நூற்றுக்கு மேல் இருக்கும், நான் எண்ணவில்லை. ஓடினேன்.

கடைக்குள் மூச்சிரைக்க நுழைந்தால், ஃபாக்ஸ் பெட்டிக்குள் தாளைச் செருகிவிட்டு அண்ணை முன்னால் நிற்கிறார்.

“அண்ணை, எனக்கு உடன ஒரு ஃபாக்ஸ்!”

“பொறு பிள்ளை. பாரிசுக்கு மரக்கறி ஓடர் போகுது. லைன் கிடைக்காமல் அரை மணித்தியாலமா நிக்கிறன். இண்டைக்குப் போகாட்டி சனிக்கிழமைக்கு முருங்கைக்காய் இல்லை.”

இரண்டு மூச்சில் விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசித்தார். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அக்கா, “அண்ணை, முருங்கைக்காய்க்குக் கால் இல்லை, ஓடாது. பள்ளிக்கூடத்துக்கு விடுங்கோ” என்றார். கடை முழுவதும் சிரிப்பு. அண்ணையும் சிரித்துக்கொண்டு விலகினார். நான் தாளைச் செருகி இலக்கத்தை அழுத்தினேன். முதல் தடவை லைன் இல்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை அந்த இனிமையான கீச்சுச் சத்தம்! தாள் மெல்ல உள்ளே போனது. பன்னிரண்டு நாற்பது.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. அக்காவின் கைபேசி எடுபடவில்லை. பன்னிரண்டு ஐம்பது. ஒரு மணி. சாமான் வாங்கி முடித்தவர்கள் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. பருப்புப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எல்லோரும் என் கைபேசியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒன்று பத்துக்கு அது அடித்தது.

“எடுத்திட்டினம் தங்கச்சி! என்னை எடுத்திட்டினம்!”

நான் “எடுத்திட்டினமாம்!” என்று கத்தினேன். கடை கைதட்டியது.

“ஆனா ஒரு விசயம்” என்றார். “என்ர குறிப்புக்குப் பின்னால இன்னொரு தாள் வந்தது. அதில முருங்கைக்காய் பத்துப் பெட்டி, கத்தரிக்காய் ஆறு பெட்டி எண்டு தமிழில கிடந்தது. இதுவும் உங்கட வாழ்க்கைக் குறிப்போ எண்டு அந்த அம்மா கேக்கிறா.”

அவசரத்தில் அண்ணையின் தாளுக்கு மேலேயே என் தாளைச் செருகியிருக்கிறேன்! “நீங்கள் என்ன சொன்னீங்கள்?”

“எங்கட ஊர் மரக்கறி, சமைச்சுக் கொண்டந்து தாறன் எண்டு சொன்னன். சிரிச்சுக்கொண்டு சீல் குத்தினா.”

இந்தக் கதை அங்கேயே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவர், “நீங்கள் இல்லாட்டி எனக்கு இண்டைக்கு இது இல்லை தங்கச்சி” என்று திரும்பத் திரும்ப நன்றி சொல்லத் தொடங்கினார். மூன்றாவது நன்றியை என்னால் வாங்க முடியவில்லை. கடைக்கு வெளியே வந்து நின்றேன்.

“அக்கா, பிழை என்ர. அது எங்கட பக்கத்துப் பள்ளிக்கூடத்தின்ர அறிவித்தல். நான் ஊரின்ர பேரை விட்டிட்டு, ஜெர்மனி முழுக்க எண்டு எழுதிப்போட்டன்.”

அவர் கோபம் இல்லாமல் கேட்டார்: “அப்ப நான் இண்டைக்குப் படத்தைப் பற்றிக் கேக்க போன் எடுக்காமல் விட்டிருந்தால்?”

படிகளில் திரும்ப ஏறியபோது அந்தக் கேள்வியும் கூடவே ஏறியது.

அடுத்த தாளில் அந்தத் தலைப்பைச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது உண்மை. படித்த பிள்ளை என்ற பெயர் எனக்கு அவ்வளவு இனித்திருந்தது. ஆனால் அன்று மாலையே, ‘நான் பிழை விட்டுவிட்டேன்’ என்று மேலே பெரிதாக எழுதி, ஒவ்வொருவரும் தங்கள் ஊர்ப் பள்ளியை உடனே கேட்கும்படி எல்லோருக்கும் அனுப்பினேன். ஸ்டுட்கார்ட்டில் இருந்து ஒருவர், “படிச்ச பிள்ளை எண்டு நம்பித்தானே வாசிச்சனாங்கள்” என்று ஒரே வரியில் பதில் போட்டார். பெர்லினில் ஒரு பெண்ணுக்கு முந்திய வாரமே பதிவு முடிந்துவிட்டிருந்தது. மன்னிப்புக் கேட்க அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். “சரி, வாற வருசம் பாப்பம்” என்று வைத்துவிட்டார். அந்த வருடத்தை என்னால் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

பிராங்பேர்ட் அக்கா இரண்டு நாள் கழித்து மீண்டும் எடுத்தார். “தங்கச்சி, இனி எங்கட மாநிலத்து விசயம் எண்டால் எனக்கு முதல் அனுப்புங்கோ. நான் போன் எடுத்துக் கேட்டுச் சொல்லுறன். எனக்கு எழுத்துக்குத்தான் பயம். வாய்க்குப் பயமில்லை.”

அப்படியே செய்தார். இணையப் பக்கம் சொல்வதை நான் வாசிப்பேன். அந்த அலுவலகத்து மனிதரிடம் அவர் கேட்பார். அவர் கேட்டுச் சொன்ன முதல் மாதத்திலேயே இரண்டு பக்கங்கள் பழையவை என்று தெரிந்தது. அந்தப் பாடங்களை நடத்துவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள், அறிவிப்பு மட்டும் இணையத்தில் நின்றிருக்கிறது. இப்போது என் ஒவ்வொரு குறிப்புக்குக் கீழும் மூன்று விஷயங்கள் இருக்கும்: எந்த ஊர், எந்த நாள் வரை, யார் கேட்டு உறுதிசெய்தார். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது எவ்வளவு அழகான குறிப்பாக இருந்தாலும் போடமாட்டேன். சில வாரம் ஏழுக்குப் பதில் நான்குதான் தேறும். யாரும் குறை சொன்னதில்லை.

அக்கா அடுத்த கோடையில் சான்றிதழ் எடுத்தார். முதியோர் இல்லத்திலும் சேர்ந்தார். அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றும் முதலில் சந்தோஷம்தான் பொங்கும். படிகளில் ஓடியது, கீச்சுச் சத்தம், கைதட்டல் எல்லாம் அப்படியே இருக்கிறது. அதற்குள்ளேயே ஒரு சின்னக் குளிரும் உண்டு. நான் வீட்டில் உட்கார்ந்து அடிக்கும் ஒரு வரியை நம்பி, எங்கோ ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு ரயில் ஏறுகிறார் என்பதை இப்போது நான் ஒவ்வொரு வரியிலும் நினைக்கிறேன். தாள் இப்போது இணையத்தில் ஒரு பக்கமாகிவிட்டது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிப் பகுதி, ஆனால் அங்கேயே வாழும் ஒருவர் பொறுப்பெடுத்தால்தான் அந்தப் பகுதி திறக்கும். பவேரியாவுக்குக் கடந்த வாரம்தான் ஆள் கிடைத்தது, முனிச்சில் பேருந்து ஓட்டும் ஒருவரின் மனைவி. இந்தப் பொறுப்பைத் தொலைபேசியில் ஒப்படைக்க எனக்கு மனமில்லை. சனிக்கிழமைக் காலை முனிச் போகும் ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.